கப்பல்துறை அக்காவுக்குப் போட்ட சரி

சோமசேகரத்தைக் காண்கிறவர்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொல்வார்கள்: "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்." கையும் காலும் ஒழுங்காயிருக்கிற மனிதனுக்கு வருத்தம் என்றால் ஊர் நம்புமா? ஏழு வருடத்துக்கு முன் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு மாட்டில் மோதி, தலை அடிபட விழுந்தவர். ஹெல்மெட் கைபிடியில் தொங்கியது. பொலிஸ் நிற்கிற சந்தி தாண்டியதும் கழற்றிக் கொழுவுவதுதானே நம்மவர் வழக்கம்.

வெளிக்காயம் மூன்று மாதத்தில் ஆறியது. ஆனால் பஸ் ஓட்டிய மனிதனுக்கு இன்றைக்கும் தேத்தண்ணி குடித்தோமா என்பதே சந்தேகம். இரண்டு பேர் ஒன்றாகக் கதைத்தால் தலை இடிக்கும். கோபம் சட்டென்று வரும், எதற்கு வந்தது என்று பிறகு தெரியாது. மனைவி விமலா ஒரு சின்னக் கொப்பி கொடுத்திருந்தார். செய்ய வேண்டியதை அதில் எழுதி, செய்து முடித்ததும் நேரே சரி அடையாளம் போட வேண்டும். வீட்டுக்குள் அதைத் திறக்க அவருக்குக் கூச்சமில்லை. வெளியாட்களுக்கு முன்னால் எடுப்பதென்றால் மானம் போய்விடும்.

மகள் லோஜினிக்குக் கலியாணம் சரிவந்தது. நெருங்கிய சொந்தத்துக்குக் கார்ட் மட்டும் அனுப்பினால் பகை. தகப்பன் வீடு தேடிப் போய் வாயால் சொல்ல வேண்டும்.

"நானும் கூட வாறன்," என்றார் விமலா.

"தகப்பன் நான். என்னால ஏலும்," என்று ஒற்றைக்காலில் நின்றார் சோமசேகரம்.

கொப்பியில் பதினேழு பெயர். ஒவ்வொரு வாசலிலும் கொப்பியை எடுத்துச் சரி போட்டால் ஆட்கள் பார்ப்பார்களே! அதனால் புறப்பட முன்னமே பதினேழுக்கும் சரி போட்டுவிட்டு, ஞாபகத்தை நம்பிப் போனார்.

கலியாணப் பலகாரம் சுடுகிற நாளில் சொந்தப் பெண்கள் வந்து குசினி நிறைந்தது. கப்பல்துறையிலிருக்கும் அவருடைய அக்கா நாகேஸ்வரி மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் அவருக்குக் கஞ்சி பருக்கியவர் அந்த அக்கா. லோஜினிக்கு ஆராத்தி எடுக்க வேண்டிய மாமியும் அவர்தான்.

"அக்காவுக்குச் சொன்னனீங்களோ?" என்று விமலா கேட்டார்.

கொப்பியைப் பார்த்தார். சரி இருந்தது. "சொன்னனான். அவவுக்குப் பெருமை கூடிப்போச்சு, அதான் வரேல்லை." எண்ணெய்ச் சட்டியடியில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

லோஜினி மாமிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "மாமி, அப்பா வந்து சொன்னவரோ?"

பெண்கள் கூடியிருக்கிற குசினிச் சத்தம் மாமிக்கும் கேட்டிருக்கும். "ஓம் பிள்ளை, வந்து சொன்னவன். எனக்கு முழங்கால் நோ, பலகாரம் சுடுற நாளை மறந்திட்டன்."

சோமசேகரம் கொப்பியை மறுபடி பார்த்தார். பதினேழு சரியும் ஒரே சாய்வில், ஒரே பேனையில், வரிசையாக இறங்கின. ஒவ்வொரு வீடாகப் போய்ப் போட்ட சரி இப்படி வராது. சொல்லப் புறப்பட்ட அன்று காலை மேசையடியில் குனிந்து அத்தனைக்கும் சரி போட்டது மெல்ல நினைவுக்கு வந்தது. மறந்தது தலைக்காயத்தால். அக்காவைப் பெருமைக்காரி என்றதை எந்தக் காயத்தின் தலையில் போடுவது?

அன்றே புறப்பட்டார். ஒருகாலம் அந்த வழியில் பஸ் ஓட்டியவர், கொப்பியை விரித்துக் கொண்டக்டரிடம் நீட்டி, கப்பல்துறையில் இறக்கிவிடச் சொன்னார்.

அக்கா முற்றத்தில் அயலவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். சோமசேகரம் எல்லாருக்கும் முன்னால் கொப்பியைத் திறந்து வாசித்தார். "அக்கா, வாற வெள்ளிக்கிழமை லோஜினிக்குக் கலியாணம். நீங்க வந்து ஆராத்தி எடுக்கோணும்."

"ஏன்டா, ஒருக்காச் சொன்னது காணாதோ?" என்றார் அக்கா, அயலவருக்குக் கேட்கும்படி.

"இல்லை அக்கா. இதுதான் முதல்தரம். வராமலே சரி போட்டனான். பழியையும் உங்கட தலையில போட்டனான்."

அக்கா கொப்பியையும் பேனையையும் வாங்கினார். தன் பெயருக்கு நேரே இருந்த சரியைக் கோடு போட்டு வெட்டினார். பிறகு பேனையை அவர் கையில் கொடுத்து, "இப்ப போடு," என்றார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் போட்டார்.