ரெண்டு சுழியா, மூணு சுழியா?

செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, கைபேசியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே போவார். சாவு விழுந்த வீட்டில் அவரை நிருபர் என்று யாரும் முதலில் நினைப்பதில்லை. தூரத்து உறவு போலிருக்கிறது என்று நகர்ந்து இடம் விடுவார்கள். அழுகை ஒரு சுற்று ஓய்ந்து யாராவது மூக்கைச் சிந்தும் நேரம் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் தான் எந்தப் பத்திரிகை என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்வார். பிறகு முதல் கேள்வி: "பேர்ல வர்றது ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

அதனால் அலுவலகத்தில் அவருக்கு மூணுசுழி அக்கா என்று பெயர். அந்த எழுத்தே பெயரில் இல்லாதவர் செத்தால் அக்கா என்ன கேட்பார் என்று கேலி செய்வார்கள். "இனிஷியலைக் கேப்பேன். செத்த மனுசனுக்கு கடைசியா அச்சுல வர்ற பேருய்யா, அதையாவது ஒழுங்கா போட வேணாமா?" என்பார்.

அந்த அலுவலகத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் வந்தவர்கள். அரசியல் எழுதுபவர் இதழியல் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். விளையாட்டுப் பக்கக்காரர் பிழை திருத்த வந்து, ஆள் பற்றாத ஒரு நாளில் மைதானத்துக்குத் துரத்தப்பட்டவர். சினிமாக்காரர் கவிதை அனுப்பி அனுப்பி, கவிதை அச்சேறாமலே ஆள் மட்டும் உள்ளே வந்துவிட்டவர். அக்கா வந்தது சண்டை போட.

அப்போது அவர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தார். கணவர் குடோனில் மூட்டை தூக்குபவர். ஒரு மத்தியானம் மூட்டை அடுக்கு சரிந்து, அவரும் கூட வேலை செய்த இருவரும் அடியில் போனார்கள். 'குடிபோதையில் அடுக்கின் கீழ் படுத்திருந்தனர்' என்று மறுநாள் செய்தி வந்தது. கருமாதிகூட முடியவில்லை. அக்கா பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே செய்தி ஆசிரியரின் மேசை முன்னால் போய் நின்றார்.

"இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துதுன்னு படுத்துக்குற மனுசன் சார் அவரு. யார் சார் உங்ககிட்ட சொன்னது?"

"போலீஸ் சொன்னதும்மா. மறுப்பு வேணும்னா எழுதிக் குடுங்க, போடறோம்."

எழுதிக் கொடுத்தார். உள்பக்கத்தில், பம்புசெட் விளம்பரத்துக்குக் கீழே, நறுக்கிப் போட்டார்கள். அடுத்து மற்ற இருவரின் மனைவிகளையும் கூட்டிவந்து, அவர்களுக்கும் எழுதினார். பிறகு யார் யாரோ வீடு தேடி வந்தார்கள். அவரை மேசை முன்னால் பார்த்துப் பார்த்துச் சலித்த செய்தி ஆசிரியர் ஒருநாள், "வெளியில இருந்து எங்க உயிரை வாங்குறதுக்கு, உள்ளேயே வந்து உக்காந்துடுங்கம்மா" என்றார். பாதி கிண்டலாகச் சொன்னதை அக்கா முழுசாக எடுத்துக்கொண்டார். விபத்தும் சாவும் அவர் பங்காயின. வேறு யாரும் அதற்குப் போட்டி போடவில்லை.

போன மாதம், கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் சாரம் சரிந்து ஒரு கொத்தனார் செத்தார். அக்கா போனார், இடம் விட்டார்கள், உட்கார்ந்தார், கேட்டார். கட்டியிருந்த கயிறு இற்றுப்போயிருந்ததை, கூட வேலை செய்தவர்கள் கையில் எடுத்தே காட்டினார்கள். அதைத்தான் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அக்காவின் பெயரோடு வந்த செய்தியில் கயிறு இல்லை. 'மது அருந்திவிட்டுச் சாரத்தில் ஏறியதே விபத்துக்குக் காரணம் என்று போலீசார் தெரிவித்தனர்' என்று இருந்தது. அதே பேப்பரின் கடைசிப் பக்கம் முழுக்க அந்த அடுக்குமாடியின் விளம்பரம்.

"என் பேரையாவது எடுத்திருக்கலாமே சார்" என்றார் அக்கா.

செய்தி ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி, "மேலேர்ந்து வந்ததும்மா. அவங்க வீட்ல இருந்து யாராவது வந்து கேட்டா மறுப்பு போட முடியுமான்னு பார்க்கலாம்" என்றார். வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

வந்தாள். இடுப்பில் குழந்தையும் கையில் அந்தப் பேப்பருமாக வாசல் வரவேற்பறையில் நின்றாள் கொத்தனாரின் மனைவி. அக்கா கீழே இறங்கி வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவராயிற்றே.

"அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. தெருவே ஒரு மாதிரி பேசுது. என் மாமியா சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டுச்சு. அப்படி என்னதான் போட்டிருக்கு? நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

நான் எழுதியது வேறு, மேலே மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது உண்மையும்கூட. அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டும் படித்திருக்கலாம். காவலாளி வேறு, வெளியே அனுப்பிவிடவா என்று கண்ணால் கேட்டார். அக்கா வேண்டாமென்று தலையசைத்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நின்றபடியே படித்தார். தலைப்பைப் படித்தார். ஊரை, வயதை, பெயரைப் படித்தார். மதுவையும் படித்தார். குரல் எங்கும் தாழவில்லை.

அவள் அழவில்லை. குழந்தையை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இதை எழுதுனது யாருக்கா?"

தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்து, இனிஷியலோடு வாய்விட்டுப் படித்தார் அக்கா. அது யாரென்று அவளுக்கு விளங்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

அக்கா அந்த விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார்.