மேஜைக்கு அடியில் ஒரு மகளிர் குழு

எந்தப் புத்தகத்தையும் பின்பக்கமிருந்துதான் திறக்கிறார். அட்டை, முன்னுரை, கையெழுத்துப் பிரதி முழுவதையும் தட்டச்சு செய்துகொடுத்த மனைவிக்கு ஆசிரியர் ஒரே வரியில் நன்றி சொல்லும் பக்கம், எல்லாவற்றையும் தாண்டி நேரே கடைசியில் இருக்கும் சொல்லடைவுக்குப் போய், ஆள்காட்டி விரலைப் 'ப' வரிசையில் இறக்குகிறார். பஞ்சம் இருக்கிறது. படை இருக்கிறது. பீரங்கி இருக்கிறது. அடுத்தது போர். விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.

"இவ்வளவு தடிமனா உலக வரலாறு எழுதியிருக்காரு, ஒரு பொம்பளைகூட பொறக்கலையாம். இத்தனை ராஜாவும் மரத்துல காய்ச்சாங்க போல."

சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்துக்கு உரிய எண்ணைக் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்டி, அலமாரிக்கு அனுப்பிவிடுகிறார். கோபம் வேறு, வேலை வேறு. கோபத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் என்றைக்கோ மாடிவீடு கட்டியிருப்பார்.

பல்கலைக்கழக நூலகத்தின் தரைத்தளத்தில், வருகிற நூல்களுக்கெல்லாம் எண் கொடுத்துப் பதிவு போடும் பிரிவின் தலைவி அவர். துணைவேந்தர் முதல் வாயில் காவலர் வரை எல்லோருக்கும் கேட்லாக் அக்கா. அறையில் குளிர்சாதனம் உண்டு. ஆனால் அது மூலையில் இருக்கும் சர்வர் கணினிக்காகப் போட்டது. மனிதர்கள் அதன் தயவில் நடுங்கிக்கொள்ளலாம். கோடையிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, புதிதாக வந்த பேராசிரியர்கள் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். "எனக்கென்னங்க, மிஷின் நல்லா இருந்தா சரி" என்பார்.

அந்தப் பேராசிரியர்களில் யாராவது, இந்தப் புத்தகத்தை நம் நூலகத்திலேயே பார்த்திருக்கிறேன், நீல அட்டை என்று தொடங்கினால் முடிந்தது. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "கேட்லாக்ல இல்லேன்னா அது உலகத்துலயே இல்லீங்க. நீங்க கனவுல பாத்திருப்பீங்க." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் முனைவர் பட்டம் வாங்கியதில்லை.

வீட்டிலும் இதே ஆட்சிதான். அவர் கணவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொறுமைசாலி. கல்யாணமான புதிதில், "சர்க்கரை எங்க?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். இப்போதெல்லாம் "சர்க்கரை எதுகூட?" என்று கேட்கிறார். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக உப்பையும் சர்க்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மூடத்தனம், எதற்குப் பயன்படுகிறதோ அதோடுதான் வைக்க வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. கொள்கை பிடிபடாத நாட்களில் வாத்தியார் சர்க்கரையில்லாமலே தேநீர் குடித்துவிடுகிறார்.

எதை எதோடு வைப்பது என்ற இந்த வியாதிக்கு ஒரு வரலாறு உண்டு. அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பெண்களைப் பற்றிய நூல்கள் 'சமூகச் சீர்கேடுகள்' என்ற அலமாரியில் இருந்தன, குடிப்பழக்கத்துக்கும் பிச்சையெடுத்தலுக்கும் நடுவே. அங்கே இடம் போதாதவை 'வீட்டு நிர்வாகம்' அலமாரிக்குப் போயின. ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தம் பற்றிய அருமையான ஆய்வு ஒன்று, துணியில் கறை நீக்குவது எப்படி என்ற கையேட்டோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. அதைத் தேடிவந்த மாணவி ஒருத்தி நாள்கணக்கில் நூலகத்தைச் சுற்றிவிட்டு, கிடைக்காமல், ஆய்வுத் தலைப்பையே கால்வாய்களுக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னைக்கு அவ பெரிய நீர்ப்பாசன நிபுணர். நம்மளாலதான்" என்று அக்கா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையில் வயிற்றெரிச்சல் பாதி.

அந்த மாணவி போன மறுநாள்தான் குழு பிறந்தது. கல்லூரி நூலகர்கள் சங்கத்தில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் நாற்காலி போட்டு உட்காருபவர்கள் எல்லாம் ஆண்கள். இதை இயற்கையின் நியதி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த அமைதியான காலம். அக்காவும், மேல்தளத்தில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ரெஃபரன்ஸ் அக்காவும், வேறு கல்லூரிகளைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து 'மகளிரியல் குழு' என்று ஒன்று வேண்டும் என்றார்கள். அப்போதைய தலைமை நூலகர் பெரிய மனசு பண்ணிப் பைண்டிங் அறையைக் கொடுத்தார். "சாப்பாட்டு நேரத்துல என்ன வேணா பேசிக்குங்கம்மா. சத்தம் மட்டும் வெளிய வரக் கூடாது." பசை நாற்றத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர்கள் பெண்களைச் சீர்கேட்டிலிருந்து மீட்டெடுத்தார்கள். தனி எண், தனி அலமாரி, வாங்க வேண்டிய நூல்களைப் பரிந்துரைக்கும் உரிமை, எல்லாம் வந்தது. குழுவுக்கென்று ஒரு செய்தி இதழும் வந்தது.

சங்கத்து ஆண்களுக்கு இந்தக் குழு எதற்கு என்று புரியவே இல்லை. ஒரு மாநாட்டின்போது செயலாளர் ஒருவர், "நீங்கதான் மகளிர் குழுவாச்சே, டீ ஏற்பாட்டை நீங்களே பாத்துக்குங்க" என்றார். அக்காக்கள் இருவரும் சரி என்று தலையாட்டினார்கள். இடைவேளையில் கோப்பையை எதிர்பார்த்து வரிசையில் நின்ற தலைமை நூலகர்களின் கையில் ஆளுக்கொரு தாள் கொடுக்கப்பட்டது: தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் பற்றிய நூல்கள், விளக்கக் குறிப்புகளுடன். அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை. அதன் பிறகு யாரும் டீ கேட்கவும் இல்லை.

இவ்வளவு கெட்டிக்காரிகள் எங்கே சறுக்கினார்கள் என்றால், தங்கள் சொந்த இதழில்தான். அது நூலகர்கள் நடத்திய இதழ், ஆகவே நூலகவியல் அலமாரியில் வைக்க வேண்டும் என்றார் கேட்லாக் அக்கா. "அங்கதான் ஆம்பளைங்க வருவாங்க. அவங்க கண்ணுல படணும்டி." ரெஃபரன்ஸ் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தேடி வர்ற பொண்ணு பெண்கள் அலமாரிக்குத்தான் வருவா. பட வேண்டியது அவ கண்ணுலதான்." ஒரு நூலுக்கு அலமாரியில் ஒரே இடம்தான் உண்டு; நூலக உலகில் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நியாயமும் நியாயமும் மோதிக்கொண்டால் சமாதானம் செய்துவைக்க ஆள் கிடைப்பதில்லை.

முடிவு எட்டும்வரை இதழ்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே 'நிலுவை' என்று எழுதி, அக்கா தன் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார். இடம் முடிவாகாமல் பதிவு போடுவதா? "மண்டபம் எதுன்னு தெரியாம கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி இருக்கு" என்று மறுத்தும்விட்டார். பெட்டி அங்கேயே கிடந்தது. மதிய நேரத்தில் கால் வைத்துக்கொள்ள வாகான உயரம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே தன் பிள்ளை காலடியில் தூசி தின்றுகொண்டிருந்தது.

இரண்டு அக்காக்களுக்கும் பேச்சு நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. குழுக் கூட்டங்களுக்கு இருவரும் தவறாமல் வருவார்கள், அறையின் இரண்டு கோடியில் உட்காருவார்கள், சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். "சில பேருக்கு எண்ணு தெரியும், எண்ணிப் பாக்கத் தெரியாது" என்று ஒரு கோடியிலிருந்து வரும். "சில பேரு வாயிலயே லைப்ரரி நடத்துவாங்க" என்று மறு கோடியிலிருந்து போகும். சுவருக்குத்தான் பாவம், காது வலித்திருக்கும்.

இந்த நிலையில்தான் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஒருமுறை கையில் வாங்கினால் திருப்பித் தராதவர் என்பதால் அவருக்கு மைக் ஐயா என்று பெயர். மகளிரியல் குழுவை 'நலன் மற்றும் விருந்தோம்பல் குழு'வோடு இணைத்துவிடலாம் என்று ஆண்டுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். விருந்தோம்பல் என்றால் டீ. அக்காவுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. இத்தனை காலம் உழைத்ததில் இதுதான் தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த ஒரே காரியம், கடைசியில் பிஸ்கட் தட்டாக முடியப்போகிறது. பயத்தில் அன்று காலை சர்க்கரை டப்பாவை உப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். வாத்தியார் அதைப் பார்த்துத்தான் விஷயம் பெரிசு என்று புரிந்துகொண்டார்.

கூட்டம் நூலகத்தின் வாசிப்புக் கூடத்திலேயே நடந்தது. மைக் ஐயா பெரிய திரையில் நூலகக் கேட்லாக்கைத் திறந்து, குழுவின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தார். திரை வெறுமையாக நின்றது.

"நான் ஆதாரத்தோடதான் பேசுவேன். பாருங்க, ஒரு பதிவு இல்ல. கேட்லாக்ல இல்லேன்னா உலகத்துலயே இல்ல. இது நான் சொல்லலை, நம்ம கேட்லாக் அக்கா சொன்னது."

கூடம் சிரித்தது. அக்காவுக்கு முகம் எரிந்தது. வாக்குவாதத்தில் தோற்கக் கூடாது என்று தான் மேஜைக்கு அடியில் வைத்திருந்தது ஒரு பெட்டியை அல்ல, இத்தனை பெண்களை என்று அந்த நிமிஷத்தில் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

டீ இடைவேளைக்குப் பிறகு வாக்கெடுப்பு என்றார்கள். அக்கா டீக்குப் போகவில்லை. கீழே இறங்கி, பெட்டியை இழுத்து, தூசியை ஸ்வெட்டர் கையால் துடைத்து, கணினியில் பதிவு போடத் தொடங்கினார். தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு. எண் போடவேண்டிய கட்டம் வந்ததும் விரல்கள் நின்றன. அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ரெஃபரன்ஸ் அக்கா.

"சில பேருக்கு வீடு பத்திக்கிட்டப்புறம்தான் வாளி ஞாபகம் வருது" என்றார், மூலையில் இருந்த சர்வரைப் பார்த்து.

கேட்லாக் அக்கா எண்ணை அடித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினார். பெண்கள் அலமாரி எண். ரெஃபரன்ஸ் அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ரொம்பக் குளிருது இங்க" என்று சர்வரிடம் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியேறிப் போனார்.

மறுபடி கூட்டம் கூடியபோது அக்கா எழுந்து, இன்னொரு முறை தேடிப்பார்க்கச் சொன்னார். தேடினார்கள். ஒரு பதிவு வந்து நின்றது.

"இது இப்பத்தானேம்மா போட்டது!"

"எல்லாப் பதிவும் ஒரு நாள் இப்பப் போட்டதுதான் ஐயா."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. மைக் ஐயா மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சங்க விதிப்படி மூன்றில் ஒரு பங்கு பேர் எதிர்த்துக் கை தூக்கினால் தீர்மானம் விழும். "எதிர்க்கிறவங்க தூக்கலாம். நல்லாத் தெரியுற மாதிரி" என்றார்.

கைகள் எழுந்தன. சில கைகள் தோள்வரை வந்து, பக்கத்து நாற்காலியில் தங்கள் தலைமை நூலகர் இருப்பது ஞாபகம் வந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு இறங்கின. மைக் ஐயா பேனாவை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"ஒரே ஒரு கை குறையுது." பிறகு கூடத்தின் மறுகோடியைப் பார்த்தார். "அங்க என்னம்மா, அது கை தூக்குனதா, காது சொறியுறதா? தெளிவாத் தூக்கலேன்னா செல்லாது."

ரெஃபரன்ஸ் அக்காவின் கை காதோரத்தில் நின்றுவிட்டிருந்தது. யார் கேட்டாலும் மேல்தட்டிலிருந்து புத்தகம் எடுத்துக்கொடுத்தே இறுகிப்போன தோள். முதலில் வலது, பிறகு இடது. முடியை அவர் குட்டையாக வெட்டிக்கொண்டதை ஊர் நாகரிகம் என்றது. தலைவாரக் கை எழாததால்தான் என்பது கேட்லாக் அக்காவுக்குத் தெரியும். பேசாமல் இருந்தாரே தவிர, பார்க்காமல் ஒருநாளும் இருந்ததில்லை.

தூக்கிய தன் கையை இறக்காமலே கேட்லாக் அக்கா எழுந்தார். நாற்காலிகளை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல், கூடத்தின் குறுக்கே நடந்துபோய் மறுகோடியில் நின்றார்.

"மெதுவாத் தூக்குடி. நான் பிடிச்சிருக்கேன்."

முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து அந்தக் கையைக் காதைத் தாண்டி, தலையைத் தாண்டி உயர்த்தினார். மைக் ஐயாவின் பேனா திரும்பவும் முதல் வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு மெல்ல மெல்ல அங்கே வந்து சேரும்வரை, இறக்கவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.