காற்று இல்லை, படகுதான்

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு கல்லூரிக்குத் தேர்வுக் கண்காணிப்பாளராகப் போயிருந்தேன். கைபேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் தேர்வறைக்குள் போக வேண்டும். விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கைபேசியைத் திரும்ப வாங்கியபோது, நம் கல்லூரி இயற்பியல் துறை ஷாகுல் சார் காலையில் காலமான செய்தி வந்திருந்தது. அதன்கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக நின்றன. பேருந்து பிடித்து ராஜபாளையத்தில் அவர் வீட்டை அடைவதற்குள் மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வாசலில் செருப்புகள்கூடக் குறைந்திருந்தன. அவர் மனைவி ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்த நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா மேடம்?" என்றார்.

உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே இல்லாததைச் சொல்ல விரும்பவில்லை. அவர் வகுப்புக்கு நேரத்தில் வந்தவர் இல்லை. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தந்தவரும் இல்லை. கணிதம் நடத்தும் என்னைப் பார்த்து, "உங்களுக்கென்ன மேடம், கணக்கு தப்பினா அழிச்சிட்டு எழுதலாம். எங்களுக்குப் பொருளு உடையும்" என்பார். ஒரு பொருள் ஏன் சரியாக இல்லை என்பது தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது. தெரிந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். "காரணம் தெரிஞ்சா பாதி சரியான மாதிரி" என்பார். ஓய்வறை மின்விசிறி முதல் துறைத்தலைவரின் கோபம் வரை எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம்தான்.

மாணவராக இருந்தபோது தூத்துக்குடியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்ப்படகு ஓட்டியிருக்கிறார். அந்த ஆசையில் ஒட்டுப்பலகையில் ஒரு சின்னப் படகு செய்தார். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கண்மாய் இருக்கிறதே என்றார். மார்கழியில் கண்மாயில் தண்ணீர் இருக்கும், காற்று இருக்காது. ஆடியில் மலைக்காற்று ஆளைத் தள்ளும், ஆனால் கண்மாயில் மாடு மேயும் என்று சொல்லிக் காட்டினேன். "நடுவுல பங்குனின்னு ஒண்ணு இருக்கு மேடம்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த மாடசாமி அவருக்குப் பழக்கம். தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அங்கேதான் படகை இறக்கினார்கள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். ஆள் ஏறவில்லை, பாய் விரிக்கவில்லை. பாய்மரத்தை மட்டும் நட்டு, பாயை அதன் உச்சியில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். படகு தண்ணீரில் நின்றதும் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

காற்று தள்ளுகிறது என்றேன். அவர் மறுக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகை முன்பின்னாகத் திருப்பி நிறுத்தினார். காற்றுதான் காரணம் என்றால் இப்போது அதன் வலப்பக்கம் அல்லவா சாய வேண்டும்? அது மறுபடியும் தன் இடப்பக்கமே சாய்ந்தது. "காத்து இல்ல மேடம், படகுதான்" என்றார். அடுத்து அடிப்பலகைக்குக் கீழே கையைவிட்டுத் துழாவினார். தண்ணீர் ஏறியிருக்கவில்லை.

மாடசாமி ஆண்டாள் தேருக்கு வருஷம் தவறாமல் வடம் பிடிக்கிறவர். அவருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. "சாரு, தேரு இந்தப் பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம் இழுப்போம். இதுக்குப் போயி எம்புட்டு நேரம்?" என்று ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. படகு நிமிர்ந்தது; நிமிர்ந்த வேகத்தில் வலப்பக்கம் விழுந்து, முன்பைவிட மோசமாகச் சாய்ந்து நின்றது. மாடசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷாகுல் சார் மட்டும் சிரித்தார். மூட்டையை எடுத்துவிட்டுப் பாய்மரத்தைப் பிடுங்கச் சொன்னார். அது அவர் அண்ணனின் இரும்புக்கடையில் சும்மா கிடைத்த குழாய். பாய், பழைய லாரித் தார்ப்பாய். இரண்டும் இறங்கியதும் படகு இலைபோல நேராக மிதந்தது. எந்தப் பக்கமும் கனமில்லை, மேலேதான் கனம். அதனால் நேராக நிற்க முடியாமல் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறது, எதிர்ப்பக்கம் எடை வைத்தால் அந்தப் பக்கம் விழும் என்று விளக்கினார். மூங்கிலும் மெல்லிய துணியுமாக மாற்றி, மணலைப் படகின் நடுவில் அடிப்பகுதியில் பரப்பினார்கள். பங்குனியில் படகு நிமிர்ந்து ஓடியது. சிறிது தூரம் போய்த் தாமரைக் கொடியில் சிக்கி நின்றது. அங்கிருந்து அவர் எங்களுக்குக் கையசைத்தார்.

போன வருஷம் ஆடியில் அவருடைய சட்டையின் இடது தோளில் சுண்ணாம்பு ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். மறுநாளும் இருந்தது. நம் மாடி நடைவழியில் அவர் இடப்பக்கச் சுவரை உரசிக்கொண்டே நடந்தார். சொன்னதும் புதுச் செருப்பு என்றார். செருப்பை மாற்றினார். பிறகு பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். கொஞ்சம் நின்று யோசித்தவர், நடைவழியின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். போகும்போது ஒரு சுவர், வரும்போது எதிர்ச்சுவர். இரண்டு முறையும் அவருடைய இடது தோள்தான் உரசியது. என் முன்னால் நின்று தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"காத்து இல்ல மேடம். படகுதான்."

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. இருக்கும் இடம் அப்படி, கை வைக்க முடியாது என்றார் மருத்துவர். ஷாகுல் சார் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்ததாக ரஹ்மத் சொன்னார். காரணம் தெரிந்துவிட்டது. அவர் முகம் தெளியவில்லை.

பிறகு நாம் எல்லோரும் மாடசாமியின் வேலையைத்தான் செய்தோம். ஒருவர் கேரளத்து எண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர் தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். எதையும் நம்பாத நான் வேறு மருத்துவமனைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதே பதில் திரும்பத் திரும்ப வந்தது. அனுப்புவதை நான் நிறுத்தவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவரால் உட்கார முடியவில்லை; உட்கார வைத்தால் இடப்பக்கம் சரிந்தார். ரஹ்மத் தலையணை வைத்தார், அப்படியும் சார் சரிந்தார். அடுக்களையில் பால் பொங்க, ரஹ்மத் ஓடினார். நான் இன்னொரு தலையணையை எடுத்து அண்டக் கொடுத்தேன். அதோடு சேர்ந்து சரிந்தார்.

"தேரு இழுக்கீங்களா மேடம்?" என்றார். பேச்சு குழறியது, கேலி குழறவில்லை.

வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். செத்த நேரம் அந்தப் பக்கம் உக்காருங்க."

இடப்பக்கம் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் தோள் என் தோளில் சாய்ந்து நின்றது. முப்பதாண்டுப் பழக்கத்தில் நாங்கள் கைகுலுக்கியதுகூட இல்லை. ரஹ்மத் பாலோடு வந்து பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

படகு கண்மாய்க்கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று மாடசாமி கேட்டார், எனக்குத் தெரியவில்லை. நடைவழியின் இரண்டு சுவர்களிலும் தோள் உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்த தடம் இன்னும் இருக்கிறது. விடுமுறையில் வெள்ளையடித்துவிடுவார்கள். காரணம் தெரிந்தால் பாதி சரியான மாதிரி என்பது அவருடைய வார்த்தை. அதை அவருடைய மாணவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மீதிப் பாதியை அவர் கடைசியில் என் தோளில் வைத்துவிட்டுப் போனார். அதன் கனம் எனக்குப் போதும்.