தவசிப்பிள்ளையின் மூக்கும் என் நாக்கும்

வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை... இன்றைக்கும் எங்கே அது வந்தாலும் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும்.

எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். என் வீட்டுக்காரருக்கு அதுதான் தொழில். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம் என்று ஞாபகம். எனக்குக் கல்யாணமான புதிது.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையாருக்கு இலை போட்டுப் படைக்கும்வரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, பக்குவம் எல்லாவற்றையும் தலைமைத் தவசிப்பிள்ளை ஆவியை மோந்தே சொல்லியாக வேண்டும்.

இவருக்கோ பீனிசம்! இப்போது சைனஸ் என்கிறோமே, அதேதான். ஓடுகிற சளி இல்லை. பசை மாதிரி மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு, சிந்தினாலும் வராது, காறினாலும் போகாது. குனிந்தால் முகமெல்லாம் கனக்கும். போதாததற்கு அடுப்புப் புகை, மூக்குப்பொடி. பொடி போட்டால் திறக்குமென்று போடுவார், தும்முவார், மறுபடி அடைத்துக்கொள்ளும். தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாலும் மனுஷனுக்குத் தெரியாது. எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்!

அதுவரை நாலு பேரோடு நின்று வேலை செய்தவர், எப்படியோ சமாளித்துவிட்டார். என் தங்கை கல்யாணத்துக்கு அப்பா, மருமகனே தலைமை நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். முதல் பொறுப்பு, அதுவும் மாமனார் வீட்டில். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மணம் தெரியாதவன் எப்பிடிட்டி பந்தி வைப்பேன்? உங்கப்பா மானம் போயிரும்லா."

நான்தான் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் பொடியை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடித்தால்தான் சளி இளகும், ஆவி பிடி, கொதிக்கவைத்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு மூக்கைக் கழுவு என்றார்.

கொஞ்சம் உப்பு! ஊருக்கே சாம்பார் வைக்கிற கைக்கு எது கொஞ்சம்? அள்ளிப் போட்டுக் கலக்கி, கிணற்றடியில் குனிந்து ஒரே உறிஞ்சு. எனக்க மூக்கு வெந்துபோச்சே என்று முற்றத்தைச் சுற்றி ஓடினார் பாருங்கள்... பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் சிதறிப் போயின. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. உப்புக் கரித்தது.

அட, இந்த உப்பு கண்ணை எரிக்கவில்லையே! மூக்கை மட்டும் எரிக்குமா?

அன்றிலிருந்து தண்ணீர் கலக்குவது என் வேலை. ஒரு சொட்டு நாக்கில் விட்டு, கண்ணீர் ருசி வந்தால்தான் கையில் கொடுப்பேன். கொஞ்ச நாளில் சளி நூல் நூலாக இளகி வரத் தொடங்கியது. சொல்ல அசிங்கம்தான், ஆனால் எங்கள் வீட்டில் அது திருவிழா. தலைக்கனம் குறைந்தது, தூக்கம் வந்தது. மணம் மட்டும் வரவில்லை.

கல்யாணத்தன்று காலையிலும் கழுவிவிட்டுத்தான் அடுப்புக்குப் போனார். நான் மணப்பெண்ணை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவியலைக் கிளறிக்கொண்டிருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"ஏலே, பாயசம் அடிபிடிக்கப் போவுது. வெறகை இழு."

இழுத்தார்கள். துடுப்பை விட்டுப் பார்த்தால் அடியில் வெல்லம் சிவக்கத் தொடங்கியிருந்தது, கருகவில்லை. பக்கத்திலேயே நின்றவனுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிட்டது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அரிவாள்மணை எடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்தார். வந்து நின்று மூச்சை இழுத்தார்.

"பிச்சிப்பூவா வச்சிருக்கே?"

பந்தியை எல்லாரும் புகழ்ந்தார்களாம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

இப்போது அந்தத் தங்கையின் பேரனுக்கு அதே தொந்தரவு. மெடிக்கல் ஸ்டோரில் அளந்து அடைத்த உப்பு பாக்கெட், பிழிகிற பாட்டில் எல்லாம் கிடைக்கிறது. நல்லதுதான், யாரும் முற்றத்தில் ஓட வேண்டாம். ஆனாலும் அவன் கலக்கினதும் ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைத்துக்கொள்கிறேன். இதெல்லாமா ருசி பார்ப்பீங்க என்று சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். ஊருக்கெல்லாம் ருசி பார்க்காமலே சமைத்துப் போட்டவருக்கு, ருசி பார்த்துக் கொடுத்தவள் நான் ஒருத்திதானே.