பெயர் வெட்டிய கிரைண்டர்

ஆலங்குடிக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஓரத்தில் குடியிருந்த ஆத்மநாதன் வகையறாவில் யாருக்கும் பேச்சு முதலில் வந்ததில்லை. கைதான் முதலில் வரும். ஆத்மநாதனின் அப்பன் வரப்புத் தகராறில் பங்காளியின் காலை மண்வெட்டியால் பிளந்தவர். ஆத்மநாதனோ, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டி இறங்குவதற்குள் விசில் கொடுத்த கண்டக்டரின் தாடையை உடைத்துவிட்டுப் பதினெட்டு நாள் உள்ளே இருந்தவர். அன்றைக்கு அந்த வயிற்றில் இருந்தவள்தான் மருதாயி. அவளுக்கு மூன்று வருஷம் இளையவன் சேவுகன்.

மருதாயியை வல்லத்திராக்கோட்டை ராசுவுக்குக் கொடுத்தார்கள். ராசு வேறு யாருமில்லை, ஆத்மநாதனின் கூடப்பிறந்த தங்கச்சி பெற்ற பிள்ளை. ஆகவே அதே ரத்தம் அந்த வீட்டிலும் ஓடியது. புருஷனும் பெண்டாட்டியும் மோதிக்கொண்டால் அடுப்பங்கரையில் ஒரு சட்டி மிஞ்சாது.

இந்த வைகாசியில் அவர்களுடைய ஒரே மகள் மணிமேகலைக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சேவுகன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தான். தட்டு வரிசைக்கு நடுவே மாலை போட்ட கிரைண்டர். அதன் எவர்சில்வர் தொட்டியில் தன் பெயரை வெட்டி, பக்கத்தில் ஒரு கிளியையும் வெட்டி வாங்கியிருந்தான். சீர்ப் பொருளின் விலை சபைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் கடை வாசலிலேயே பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினான்.

பதினோராம் நாள் காலை, மாவை வழிக்க மணிமேகலை தொட்டியில் கை வைத்தாள். கரண்ட் அவளைத் தூக்கிச் சுவரில் அடித்தது. பின்மண்டை பிளந்து ஆறு தையல். இரண்டு விரல் நுனி கருகிவிட்டது.

ராசு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தான்.

“எவன் வீட்டுக் குப்பையில கெடந்த மிசினையோ தொடச்சு, மாலையப் போட்டுக் கொண்டாந்திருக்கான் ஒந் தம்பி. எம் மகளக் கொல்லவா சீரு?”

“கடையில வாங்குனதுதான். வாய அளந்து பேசு.”

“அப்ப பில்லக் காட்டு.”

தம்பி பில்லைக் கிழித்த கதையைச் சொல்ல மருதாயி வாயெடுத்தாள். அவன் அறைந்தான். அவள் கையிலிருந்த டிபன் கேரியரை வீசினாள். புருவம் கிழிந்தது. மகளுக்குத் தையல் போட்ட நர்சம்மா அப்பனுக்கும் இரண்டு போட்டார்.

மறுநாள் சேவுகன், மருமகளுக்கு ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வல்லத்திராக்கோட்டை வீட்டு வாசலில் வந்து இறங்கினான். ராசு திண்ணையிலிருந்து எழுந்து வந்தான். மண்வெட்டிக் காம்பால் ஒரே போடு. சேவுகனின் இடது முழங்கை எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. முறிந்த கையோடு அவன் தலையால் முட்டினான். ராசுவின் முன்பல் இரண்டும் ஆப்பிளோடு ஆப்பிளாக வாசலில் உருண்டன. தெருவே கூடித்தான் பிரித்துவிட்டது.

“வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன் மாப்ள,” என்றான் ராசு, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. “வித்தவன் இங்கிட்டு வந்து நின்னு, குத்தம் எங்க மேலதான்னு அவன் வாயால சொல்லணும். இல்லேன்னா ஒனக்கு அந்தக் கையும் கெடையாது.”

“வெள்ளிக்கெழம நானே வாரேன் மச்சான். வெறுங்கையோட வரமாட்டேன்.”

இரண்டு பேரும் சொன்னதைச் செய்கிறவர்கள். தாலி போகலாம், தம்பி போகலாம், ஒரே நாளில் இரண்டும் போகலாம். அதைத் தடுக்க ஒரு கடைக்காரனின் வாய் வேண்டும். மகளை வியாழக்கிழமை வீடு கொண்டுவந்து சேர்த்தாள் மருதாயி. வெள்ளி காலை கிரைண்டரைப் பழைய சேலையில் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

கடை முதலாளி நாராயணன் மூட்டையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பில்லு?”

“சீர்ப் பொருளுங்க. தம்பி கிழிச்சிட்டான்.”

“பில்லு இல்ல. பேரும் வெட்டியாச்சு. அங்க போர்டப் பாரும்மா.” விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. “ஈரக் கையோட தொட்டா அடிக்கத்தான் செய்யும்.”

“மாவு அரைக்கிற சாமானப் பவுடர் போட்டுக்கிட்டா தொடுவாக?”

“ஒந் தம்பி எந்தச் சந்தையில பொறுக்குனானோ! எந் தலையில கட்டப் பாக்குறியா? தூக்கு, தூக்கு.”

ராசு சொன்ன அதே பேச்சு. மருதாயிக்குக் கண் இருண்டது. கிரைண்டரைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணாடி மேஜையில் போட்டாள். மேஜை நொறுங்கியது. நாராயணன் எழுந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து அறைந்தார். அவள் அந்தக் கையைக் கடித்து, விடுபட்டதும் மூக்கில் குத்தினாள். வெள்ளைச் சட்டை சிவந்தது. வாடிக்கையாளர்கள் போனைத் தூக்கிப் படம்பிடித்தார்கள்.

அவள் வயரை இழுத்துச் சுவர் பிளக்கில் சொருகி சுவிட்சைத் தட்டினாள். அவ்வளவு அடி பட்டும் கிரைண்டர் சுற்றியது.

“நல்ல பொருளுன்னா தொட்டியில கைய வைடா. வச்சிட்டேன்னா நான் பேசாமப் போயிடுறேன்.”

நாராயணன் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மூலையில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிற இசைவாணி எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வேலை பார்க்கிறவள்.

“அக்கா, இந்தக் கிளி நான் வெட்டுனது. ஒங்க தம்பி பக்கத்துல நின்னு, மூக்கு சின்னதா இருக்கு, நல்லா வளைச்சு விடுன்னு உசுர எடுத்தாரு.”

“நீ உள்ள போ!” என்று கத்தினார் நாராயணன்.

“பில்லு கிழிஞ்சா என்ன, அவரு போன் நம்பரப் போட்டா கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும். இது முன்னாடியே ஒருத்தருக்கு ஷாக் அடிச்சுத் திரும்பி வந்த மிசினு அக்கா. புது அட்டைப்பெட்டியில வச்சு ஒட்டச் சொன்னது இவருதான். போர்டுல என்ன எழுதுனாலும் நுகர்வோர் ஆணையத்துல செல்லாது. நீங்க மனுப் போடுங்க, நான் சாட்சி சொல்றேன்.”

படம்பிடிக்கும் போன்களைப் பார்த்ததும் நாராயணனின் குரல் இறங்கியது. “போலீசு, கோர்ட்டெல்லாம் வேணாம்மா. புதுசு ஒண்ணு தாரேன், லெட்டரும் எழுதித் தாரேன்.”

“லெட்டர எம் புருசன் நாக்குலயா ஒட்டுறது? வண்டியில ஏறு. ஒன் வாயால வந்து சொல்லு.”

சரக்கு வண்டியில் புதுக் கிரைண்டரை ஏற்றி, மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு நாராயணன் முன்னால் உட்கார்ந்தார். பழையதை மருதாயி விடவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள்.

வல்லத்திராக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது சேவுகன் முறிந்த கையைத் தூளியில் தொங்கவிட்டு, மறு கையில் அரிவாளோடு வாசலில் நின்றான். எதிரே ராசு கடப்பாரையோடு. வண்டி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றது.

நாராயணன் இறங்கிக் கும்பிட்டார். “ஒங்க மச்சினன் மேல தப்பே இல்லீங்க. அவரு முழுசாக் காசு குடுத்துப் புதுசுன்னு நம்பித்தான் வாங்குனாரு. திரும்பி வந்த மிசினப் பெட்டி மாத்திக் குடுத்தது நாங்கதான்.”

ராசு சேவுகனைப் பார்த்தான். சேவுகன் ராசுவைப் பார்த்தான். சண்டை தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்தது.

கடப்பாரை முதலில் விழுந்தது, முதுகில். நாராயணன் குப்புற விழுந்தார். விழுந்தவரை ராசு மிதித்தான். சேவுகன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, மொட்டைப் பக்கத்தால் ஓங்கினான். மருதாயி வண்டியிலிருந்து பாய்ந்து நாராயணன் மேல் கவிழ்ந்தாள். அடி அவளது வலது தோளில் இறங்கியது. எலும்பு உள்ளுக்குள் நொறுங்கியது அவளுக்கே கேட்டது.

“இவனக் கொன்னுட்டா நாளைக்கிக் கேசுல எவன்டா வந்து நிப்பான்? ஒங்கப்பனா?”

“நமக்கு ஒரே அப்பந்தானேக்கா,” என்றான் சேவுகன், அரிவாள் நழுவ.

“எம் மக தலை பிளந்ததுக்கு இவன் பதில் சொல்லியாகணும். அதுக்கு இவன் உசுரோட வேணும். இன்னொரு அடி விழுந்தா அது எந் தலையில.”

ராசு கடப்பாரையைக் கீழே போட்டான். மூச்சு வாங்க இரண்டு ஆண்களும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மருதாயி ஒற்றைக் கையால் முந்தானையை எடுத்து நாராயணனின் வாயில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள்.

அடிதடிக்காகப் புருஷன்மேலும் தம்பிமேலும் போலீஸ் கேஸ் ஆனது. அது தனி. வேலை போன இசைவாணி சொன்ன சொல் மாறாமல் கூட வர, அடுத்த வாரம் நுகர்வோர் ஆணையத்தில் மருதாயி மனுக் கொடுத்தாள். கட்டுப் போட்ட வலது கை எழும்பவில்லை. இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். தாள் நகர்ந்துவிடாமல் ராசு ஒரு பக்கமும், நல்ல கையால் சேவுகன் மறு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.