புகையில்லாத கரி

இந்தப் பதிவில் மலைப் படங்கள் கிடையாது, மன்னித்துவிடுங்கள். போன டிசம்பரில் நாலு பேர் மலைக்குப் போனோம், மூணு பேர்தான் திரும்பினோம். வராதவன் சரவணன், மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டியவன். பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும், போன ஞாயிறு அவன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன்.

ஆவடியிலிருந்து திருவேற்காடு ஒன்பது கிலோமீட்டர்தான். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். தெருப் பெயரைச் சொன்னதும் டிரைவர், "குடிச்சிட்டு செத்துப்போச்சே ஒரு புள்ள, அந்தத் தெருவா?" என்றார்.

உடனே மறுத்தேன். "அவன் குடிக்கவே மாட்டான் அண்ணாத்தே."

"இன்னாமோப்பா, ஊரே அப்டித்தான் பேசிக்கினு கீது."

நடந்தது இதுதான். மெட்ராஸ்காரனுக்குக் குளிர் தெரியாது. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஜென்மங்கள் நாம். தங்கிய இடத்து வாசலில் கரி மூட்டிக் கோழி சுட்டுச் சாப்பிட்டோம். புகை அடங்கி, கங்கு மட்டும் கணகணவென்று இருந்தது. "புகையே இல்ல மச்சான், ஹீட்டர் மாதிரி கீது" என்று இரும்புச் சட்டியோடு தன் அறைக்குத் தூக்கிப் போனான் சரவணன். எங்கள் யாருக்கும் அது ஆபத்தென்று தோன்றவே இல்லை. கொறட்டை விடுவேன் என்று அவனே தனி அறை கேட்டிருந்தான். காலையில் கதவை உடைத்தோம். கதவடியில் துண்டைச் செருகி வைத்திருந்தான்.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "அவன் குடிக்கலம்மா. ஒரு சொட்டு இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அடைச்ச அறையில கரி இருந்தா கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்ல. தூங்கும்போதே ஆளை முடிச்சிடும்."

"என் புள்ள குடிக்காதுன்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே, ஒருத்தர் நம்புனாங்களா?" என்று அழுதார். அப்புறம் எழுந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"அடைச்ச அறைன்னியேப்பா... அன்னிக்கி போன் பண்ணி, குளுரு தாங்கலம்மான்னான். ஜன்னல் கதவெல்லாம் நல்லா சாத்திக்கினு படுடான்னு நான்தான் சொன்னேன்."

ஐயோ, எதற்கு வந்தோம் என்று ஆகிவிட்டது. "கரிதாம்மா காரணம், நீங்க இல்ல. கரி உள்ள கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். மனசு ஆறியதாகத் தெரியவில்லை.

மலைக்குப் போகிறவர்களே, குளிர்காலம் வந்தால் இப்படிச் செய்தி கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு இடத்தில் கரியடுப்பு, இன்னொரு இடத்தில் காற்றுப் புகாத குளியலறையில் கேஸ் கீசர், கரண்ட் போனால் வீட்டுக்குள்ளேயே ஜெனரேட்டர். புகை இல்லாத கங்கும் கொல்லும். ஜன்னல் திறந்திருந்தாலும் அதை உள்ளே கொண்டுபோகாதீர்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் எல்லாரும் உடனே வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கிளம்பும்போது அம்மா கேட் வரை வந்தார். "மறுபடி மலைக்குப் போவியா?"

"தெரியலம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "போனா, ஜன்னலத் தொறந்து வெச்சிக்கினு படு நைனா. குளுர்னா குளுரட்டும்."