கார்க்கில் ஒரு பென்சில் கோடு

யூஜின் பகலில் தபாலாபீஸ் குமாஸ்தா. கல்யாணம், டான்ஸ் என்று வந்தால் ஓஸ்வால்டின் பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பார். டிரம் அடித்தபடி பேண்டை நடத்துவது ஓஸ்வால்ட், டிரம்பெட் மதலைமுத்து, பான்ஜோ நான். நாலே பேர்.

1937இல், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து யூஜின் சாக்ஸபோனுக்கு, வாயில் வைத்து ஊதும் புது மௌத்பீஸ் வாங்கினார். பழையது கறுப்பு எபோனைட் ரப்பர், பல் பட்டுத் தேய்ந்தது. இது உலோகம், உள்ளே குறுகல். ஊதினால் சத்தம் தெருமுனை வரை போகும். முதல் வாரம் கீழுதடு வெடித்தது. ஊதும்போது அதிரும் நாணல் ரீட்டை மெல்லியது, தடித்தது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வாத்துக் கழுத்தைத் திருகறாப்பல இருக்கு. கதவையாவது சாத்துங்க" என்றாள் மனைவி மௌரீன்.

பத்தாம் நாள் வாத்து அடங்கியது.

அந்தச் சனிக்கிழமை மதியம் பிளாக்பள்ளிப் பேட்டையில் ஒரு கல்யாணம். பியானோ இல்லாத இடங்களில் யூஜின் ஊதும் ஸ்வரத்துக்குத்தான் நாங்கள் சுருதி சேர்ப்போம். நான் கம்பிகளை ஏற்றினேன். மதலைமுத்து சுருதியை ஏற்ற டிரம்பெட் குழாயை முழுக்க உள்ளே தள்ளியும் சுருதி கீழேயே நின்றது. அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆட எழுந்துவிட்டார்கள். முதல் பாட்டே கோணல்.

ஓஸ்வால்ட் குச்சியை நிறுத்தினார். "என்ன மதலை, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" விருந்தாளிகள் காதில் விழும்படிதான் கேட்டார்.

மதலைமுத்து குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் யூஜினின் கண் சாக்ஸபோன் கழுத்தில் சுற்றியிருந்த கார்க்குக்குப் போனது. மௌத்பீஸை எதுவரை செருகுவது என்று அவர் போட்டுவைத்த பென்சில் கோடு அங்கே இருந்தது. அது பழையதற்கான அளவு. இன்னும் வெளியே நிற்க வேண்டிய புதியதையும் அதே கோடுவரை செருகியிருந்தார். ஏறிப்போனது அவருடைய சுருதி. அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் மௌத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மறுபடி ஸ்வரம் கொடுத்தார். நான் குனிந்துகொண்டு கம்பிகளை இறக்கினேன். மதலைமுத்துவும் குழாயை இழுத்துப் பார்த்தார். சேர்ந்துவிட்டது.

"பார்த்தியா? அதட்டினாத்தான் உனக்கு வரும்!" ஓஸ்வால்ட் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

நாங்கள் மூவரும் திரும்பி நடக்கும்போது மதலைமுத்து யூஜினிடம், "என் காது போச்சு தம்பி. அடுத்த கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லு" என்றார்.

யூஜின் தெருவிலேயே பெட்டியைத் திறந்து கோட்டைக் காட்டினார். "தப்பு என்னுதுண்ணே."

மதலைமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை அங்க சொல்ல வாய் வரலியா உனக்கு?" என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில், அத்தனை பேர் நடுவில், யூஜின் ஓஸ்வால்டிடம் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. சொல்லி முடித்ததும் யூஜின் கூட்டத்தில் மதலைமுத்துவைத் தேடினார். அவர் விடியற்காலை முதல் பூசைக்கே வந்துவிட்டுப் போயிருந்தார்.